பௌதிகப் பட்டமும் பெரிய சம்பளமும்: திருகோணமலைப் பிள்ளைக்கு எந்த வழி?

உயர்தரப் பெறுபேற்றுக்குப் பின் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில், திருகோணமலையில் கணிதப் பிரிவில் படித்த பிள்ளைகளின் வீடுகளில் ஒரே பேச்சுத்தான் நடக்கும். பொறியியலுக்கு இசட் புள்ளி சற்றே போதாமற்போன பிள்ளைக்குப் பௌதிக விஞ்ஞானம் கிடைத்திருக்கும். அதை எடுப்பதா, மறுபடியும் பரீட்சைக்கு இருப்பதா, கடன்பட்டாவது தனியார் நிறுவனமொன்றில் வேறு பட்டத்துக்குச் சேர்ப்பதா என்று வீட்டார் குழம்பிப்போவார்கள். உப்புவெளியில் பலசரக்குக் கடை நடத்தும் ஒருவர், மகளுக்குப் பேராதனை விஞ்ஞான பீடம் கிடைத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "சேர், பௌதிகம் படிச்சா கடைசியில ரீச்சராத்தானே வரலாம்? நல்ல சம்பளம் எடுக்க வேற வழி இருக்கா?" உயர்தர வகுப்புக்குப் பல ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு முழுமையான பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

சம்பளத் தொகையை மட்டும் வைத்து வழிகளை ஒப்பிட்டால், நமக்கு எட்டாத வழியே எப்போதும் வெல்லும். ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். பட்டம் முடிந்த நாளிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பக்கூடிய முதற் சம்பளம் வரை எத்தனை ஆண்டுகள் ஆகும்? அந்த இடைக்காலத்தின் செலவை யார் தாங்குவது? இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு உண்மையிலேயே திறக்குமா? சம்பளப் பட்டியல்கள் இவற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஓர் உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். அமெரிக்கத் தொழிற் புள்ளிவிவரப் பணியகத்தின் கணக்குப்படி, 2023 மே மாதத்தில் அந்நாட்டுப் பௌதிகவியலாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் (பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் பெறும் தொகை) 1,55,680 டொலர். அதே காலத்தில் மென்பொருள் உருவாக்குநர்களின் இடைநிலைச் சம்பளம் 1,32,270 டொலர். உயர்நிலைப் பாடசாலை ஆசிரியர்களுடையது 65,220 டொலர். இந்த மூன்று எண்களையும் பார்க்கும் எவரும் பௌதிகவியலாளராவதே மேல் என்றுதான் முடிவு செய்வார். ஆனால் முதல் எண்ணுக்குள் வருபவர்களில் பெரும்பாலோர் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். அதற்காகப் பட்டத்துக்குப் பின் ஐந்தாறு ஆண்டுகளையும், பலர் அதன் மேல் தற்காலிக ஆய்வாளராக இன்னும் சில ஆண்டுகளையும் கொடுத்தவர்கள். அதோடு, அந்தப் பதவிகளில் கணிசமானவை அரச ஆய்வுகூடங்களிலும் பாதுகாப்புத் துறையைச் சார்ந்த நிறுவனங்களிலும் இருக்கின்றன. அவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமை பெரும்பாலும் கட்டாயம். மென்பொருள் உருவாக்குநருடைய எண்ணோ நான்காண்டுப் பட்டத்துடன் வேலைக்குப் போனவரையும் உள்ளடக்கியது. இரண்டுக்கும் இடையிலுள்ள இருபத்துமூவாயிரம் டொலர் வித்தியாசத்துக்கு விலையாக எத்தனை ஆண்டுகள் கொடுக்கப்பட்டன என்பதை அந்த அட்டவணையில் தேடினாலும் காணமுடியாது.

இதனால் வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டத்தை நான் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ணக்கூடாது. பணமில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு அதைவிட நேர்மையான வழி குறைவு என்றே சொல்வேன். காரணம், அமெரிக்காவில் பௌதிகவியல் கலாநிதிப் படிப்புக்குத் தெரிவாகும் மாணவரிடம் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. மாறாக, முதலாம் ஆண்டு மாணவர்களின் ஆய்வுகூட வகுப்புகளை நடத்துவதற்கோ ஆராய்ச்சியில் உதவுவதற்கோ மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்கின்றன. பல்கலைக்கழகத்தையும் ஊரையும் பொறுத்து அது ஆண்டுக்கு ஏறக்குறைய 25,000 முதல் 40,000 டொலர் வரை இருக்கும். இலங்கையில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் முடித்தவர் முதுமாணிப் பட்டம் இல்லாமலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஒரு விண்ணப்பத்துக்கு நூறு டொலர் என்று வைத்துக்கொண்டால், பத்துப் பல்கலைக்கழகங்களுக்கு ஆயிரம் டொலர். டொலருக்கு முந்நூறு ரூபா வீதம் மூன்று இலட்சம் ரூபா. ஆங்கிலப் பரீட்சைக் கட்டணமும் விசாச் செலவும் விமானச் சீட்டும் இதன் மேல் வரும். இந்தத் தொகை சிறியதல்ல. ஆனாலும் காணியை ஈடுவைக்கும் அளவுக்குப் பெரியதுமல்ல. கட்டண விலக்குக் கேட்டு எழுதினால் தருகின்ற பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஜேர்மனியில் அமைப்பு வேறு. அங்கே கலாநிதி மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியராகவே நியமிக்கப்பட்டு, அரசுச் சம்பளத் திட்டத்தின் பதின்மூன்றாம் தரத்தில் அரைப்பங்கு அல்லது முக்காற்பங்குச் சம்பளம் பெறுகிறார். ஆனால் அதற்கு முன் முதுமாணிப் பட்டம் வேண்டும். அதை ஜேர்மனியிலேயே படிப்பதானால், பெரும்பாலான மாநிலங்களில் கல்விக்கட்டணம் இல்லையென்றாலும், விசாவுக்காக முடக்கப்பட்ட வங்கிக் கணக்கொன்றில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோவைக் காட்டவேண்டும். "ஜேர்மனியில் படிப்பு இலவசம்" என்று முகவர்கள் சொல்லும்போது இந்தத் தொகை கடைசியில்தான் வெளிவருகிறது. பிரித்தானியாவில் அரச ஆராய்ச்சி நிதியத்தின் குறைந்தபட்ச உதவித்தொகை 2025-26 கல்வியாண்டுக்கு 20,780 பவுண். வெளிநாட்டு மாணவருக்கு அந்த இடங்களில் முப்பது வீதத்துக்கு மேல் ஒதுக்கப்படுவதில்லை. ஆகவே கைப்பணம் குறைந்த பிள்ளைக்கு இந்த மூன்று நாடுகளுள் அமெரிக்காவே இன்னும் முன்னிற்கிறது. படிப்பு முடிந்தபின் அங்கே மூன்று ஆண்டுகள் வரை தொழிற்பயிற்சி அனுமதியில் வேலை செய்யலாம். அதற்குப் பிந்திய தொழில் விசா மட்டும் இப்போது கடினமாகியிருக்கிறது: 2025 செப்டெம்பரில் வெளியான ஜனாதிபதிப் பிரகடனம் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய எச்-1பி தொழில் விசா விண்ணப்பங்களுக்கு ஓர் இலட்சம் டொலர் கட்டணம் விதித்தது. இன்று பேராதனையில் முதலாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை அந்த வாசலை அடைய எப்படியும் பத்து ஆண்டுகளாகும். அதற்குள் சட்டம் எந்தப் பக்கமும் மாறலாம்.

கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு பேராசிரியராவதே இலக்கு என்றால், அதைச் சம்பளத்துக்கான வழியாகக் கணக்கிடக்கூடாது. நிரந்தரப் பதவிகள் மிகக் குறைவு. ஒரு பேராசிரியர் தம் பணிக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு கலாநிதிகளை உருவாக்குகிறார், ஓய்வுபெறும்போது வெற்றிடமாவதோ ஒரே கதிரை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் 2024இல், புதிதாகக் கலாநிதியாகிய தற்காலிக ஆய்வாளருக்கு நிர்ணயித்த ஆண்டு உதவித்தொகை 61,008 டொலர். அங்கே பாடசாலை ஆசிரியரின் இடைநிலைச் சம்பளத்தைவிட அது குறைவு. சம்பளம் தேடுபவர் கலாநிதிப் பட்டக் காலத்திலேயே தொழிற்றுறைக்கு முகம் திருப்பிக்கொள்ள வேண்டும். எந்த ஆய்வுகூடத்தில் சேர்கிறார் என்பதே அதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. லேசர், ஒளியியல், குறைகடத்தி, வெற்றிடத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் கைப்பழக்கம் பெற்றவருக்கு வேலை காத்திருக்கிறது. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் சிப் அச்சிடுவதற்காகச் செய்யும் பொறியில், உருகிய வெள்ளீயத் துளிகளை லேசர் கதிர் செக்கனுக்கு ஐம்பதாயிரம் தடவை தாக்கி, 13.5 நனோமீற்றர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியைப் பிறப்பிக்கிறது. அப்படியொரு பொறியை இயங்கச்செய்ய பௌதிகவியலாளர்கள் கூட்டமாகவே வேண்டும். விண்வெளியின் தோற்றத்தைப் பற்றி மட்டும் கணித்துக்கொண்டிருந்தவர், பட்டம் முடிந்தபின் வேறொரு திறமையைப் புதிதாகக் கற்றுத்தான் வேலை தேடவேண்டியிருக்கும். அண்டவியலில் ஆசை கொள்வது எந்த வகையிலும் பிழையில்லை. அதன் விலை வீட்டாருக்கும் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவே.

நிதிச் சந்தைகளைப் பற்றியும் பிள்ளைகள் இப்போது அதிகம் கேட்கிறார்கள், பௌதிகவியலாளர்கள் வாங்கும் சம்பளங்களிலேயே பெரியது அங்கேதான் என்பதால். அது உண்மைதான். பங்கு விருப்புரிமைகளை (குறித்த விலையில் பங்கைப் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களை) விலையிடுவதற்காக 1973இல் வெளிவந்த பிளாக்-ஷோல்ஸ் சமன்பாடு, மாறிகளை மாற்றி எழுதினால், நமது மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் படிக்கும் வெப்பக்கடத்தற் சமன்பாடாகிவிடுகிறது. அந்த அளவுக்கு இரு துறைகளின் கணிதமும் நெருங்கியது. தென்னாபிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன இமானுவேல் டெர்மன், 1973இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் துகட்பௌதிகத்தில் கலாநிதியாகி, பல தற்காலிக ஆய்வுப் பதவிகளில் அலைந்து, 1980இல் பெல் ஆய்வுகூடத்துக்கும் 1985இல் கோல்ட்மன் சாக்ஸ் முதலீட்டு வங்கிக்கும் போனார். இத்துறைக்குப் போன பௌதிகவியலாளர்களின் முதல் தலைமுறை அவரது போன்ற பாதையில்தான் நடந்தது. ஆனால் இந்த நிறுவனங்கள் ஆள் எடுப்பது பெரும்பாலும் நியூயோர்க், லண்டன், சிங்கப்பூர் போன்ற நகரங்களில், விரல்விட்டு எண்ணக்கூடிய பல்கலைக்கழகங்களிலிருந்து. திருகோணமலையிலிருந்து அங்கே போகும் பாதை மேற்சொன்ன கலாநிதிப் பட்டத்தின் வழியாகவே செல்கிறது. அதைத் தனி வழியாக எண்ணித் தொடங்கவேண்டாம். கலாநிதிப் படிப்புக் காலத்தில் நிகழ்தகவும் புள்ளிவிவரவியலும் நிரலாக்கமும் நன்றாகக் கற்றவருக்கு, ஐந்தாம் ஆண்டில் இந்தக் கதவு தானாகவே தெரியும்.

இனி, நான் மிகவும் விரும்பிச் சொல்லும் வழிக்கு வருகிறேன். மருத்துவப் பௌதிகவியல் என்ற துறை ஒன்று இருப்பதே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெறுவதற்காகத் திருகோணமலையிலிருந்து மகரகமைக்குப் பஸ் ஏறியவர்கள் இல்லாத ஒழுங்கை எங்கள் நகரில் இருக்காது என்றே நினைக்கிறேன். அங்கே வைத்தியர் எவ்வளவு கதிர் கொடுக்கவேண்டும் என்று எழுதுகிறார். அந்த அளவு, கட்டி இருக்கும் இடத்தில் சரியாக விழுகிறதா, பக்கத்திலுள்ள முள்ளந்தண்டும் சிறுநீரகமும் காப்பாற்றப்படுகின்றனவா என்பதைக் கணித்து, பொறியை அளந்து, கையொப்பமிடுபவர் மருத்துவப் பௌதிகவியலாளர். கொடுக்கப்படும் கதிர் அளவு எழுதப்பட்டதிலிருந்து ஐந்து வீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது சர்வதேச விதப்புரை. பழைய கோபால்ற்-60 பொறிகளில் மூலத்தின் அரைவாழ்வு 5.27 ஆண்டுகள் என்பதால், ஒவ்வொரு மாதமும் சிகிச்சை நேரத்தைத் திருத்திக் கணிக்கவேண்டும். உயர்தரத்தில் நாங்கள் கற்பிக்கும் கதிர்த்தொழிற்பாட்டுத் தேய்வு விதி ஒரு மனிதரின் உயிரோடு நேரடியாகத் தொடர்புபடும் இடம் அது. இப்போது அந்தப் பொறிகளின் இடத்துக்கு நேர்கோட்டு முடுக்கிகள் வந்துகொண்டிருக்கின்றன. பொறி எவ்வளவு சிக்கலானதோ, அவ்வளவுக்குப் பௌதிகவியலாளரின் தேவையும் கூடுகிறது.

இந்த வழியின் முதற்படி நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் படிப்பு விஞ்ஞான நிறுவகம் மருத்துவப் பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் வழங்குகிறது. கடலுக்கு அப்பால் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் அதே பட்டம் உண்டு. பௌதிகவியலைப் பாடமாகக் கொண்ட விஞ்ஞானப் பட்டத்துக்குப் பின் இதை முடித்தவர், மகரகமையிலோ தெல்லிப்பழையிலோ உள்ளதைப் போன்ற அரச புற்றுநோய் மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ வேலை தேடலாம். இலங்கைச் சம்பளம் மேல்தட்டுச் சம்பளமாக இராது. ஆனால் பொறியோடு பழகிய ஒவ்வோர் ஆண்டும் வளைகுடா நாடுகளின் மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பாகிறது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் பயிற்சி முடித்துப் பதிவுபெற்ற மருத்துவப் பௌதிகவியலாளர் ஏழாம் சம்பளப் படியில் தொடங்குகிறார். 2024-25இல் இங்கிலாந்தில் அதன் ஆரம்பத் தொகை 46,148 பவுண். அமெரிக்காவில் இத்துறையினருக்குப் பரீட்சை வைக்கும் கதிரியல் சபையின் சான்றிதழ் பெற்றவரின் ஆண்டுச் சம்பளம் இரண்டு இலட்சம் டொலரைச் சுற்றியே இருக்கிறது. ஒரே வேலை, ஒரே பொறி, சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றரை மடங்கு வித்தியாசம்.

அந்த மூன்றரை மடங்குக்கு அமெரிக்கா வைத்திருக்கும் நிபந்தனையை இங்கே மறைக்காமல் சொல்லவேண்டும். 2014 முதல், கம்பெப் என்று அழைக்கப்படும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் இரண்டாண்டு வதிவிடப் பயிற்சி முடித்தவரே அங்கே சபைப் பரீட்சையை முடித்துச் சான்றிதழ் பெறமுடியும். அந்தப் பயிற்சிக்குச் சம்பளம் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. அதற்கு முன் அங்கீகாரம் பெற்ற முதுமாணிப் பட்டமோ கலாநிதிப் பட்டமோ, பௌதிகவியலில் கலாநிதியாகியபின் படிக்கும் சான்றிதழ்ப் பாடநெறியோ வேண்டும். பேராதனை முதுமாணி அந்த நிபந்தனையைத் தனியே நிறைவு செய்யாது. அங்கீகாரம் பெற்ற முதுமாணிப் பட்டத்துக்கு மாணவரே பெரும்பாலும் பல்லாயிரம் டொலர் கட்டவேண்டியிருப்பதால், நமது பிள்ளைக்குப் பொருந்துவது உதவித்தொகையோடு கூடிய கலாநிதிப் பட்ட வழிதான். இலங்கைப் பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு ஆண்டுகளிலும் வீட்டிலிருந்து பணம் போகவேண்டியதில்லை. வீட்டுக்குப் பெரிதாக வரவும் மாட்டாது.

எட்டு ஆண்டுகள் பொறுக்கமுடியாத வீடுகள் பல என்பது எனக்குத் தெரியும். தந்தை கடலுக்குப் போகும் வீட்டில், இளையவர்கள் இருவர் படித்துக்கொண்டிருக்க, மூத்த பிள்ளை முப்பது வயதுவரை மாணவராக இருக்கமுடியாது. அந்த வீட்டுக்கு உரிய முதல் வழி மென்பொருள். பௌதிகவியல் படிப்பில் கணினிச் செய்முறையைத் தீவிரமாக எடுத்த மாணவர், பட்டம் முடிந்த ஆண்டிலேயே கொழும்பில் வேலைக்குச் சேரலாம். மாலபேயில் இயங்கிய மிலேனியம் ஐரி நிறுவனத்தை லண்டன் பங்குச்சந்தை 2009இல் வாங்கியது; பங்குச்சந்தைகள் இயங்கும் மென்பொருள் நமது நாட்டில் எழுதப்படுகிறது என்பதே இந்தத் துறையின் தரத்துக்குச் சான்று. இங்கே சம்பளம் திறமையோடு ஏறும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாக வேலை செய்பவருக்கு டொலரிலும் கிடைக்கும். 2022இல் டொலரின் விலை இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியபோது, ரூபாச் சம்பளக்காரரும் டொலர்ச் சம்பளக்காரரும் ஒரே தெருவில் இரு வேறு நாடுகளில் வாழ்ந்ததைப் போல வாழ்ந்தார்கள். அதை எங்கள் ஊர் மறக்கவில்லை. ஆயினும், கணினி விஞ்ஞானப் பட்டதாரியோடு போட்டியிடும் பௌதிகப் பட்டதாரி, நேர்முகத் தேர்வில் காட்டுவதற்குத் தாமே செய்த செயற்றிட்டங்களைக் கையில் வைத்திருக்கவேண்டும். மென்பொருள்தான் வேண்டும் என்ற முடிவு உயர்தரம் முடிந்தவுடனேயே உறுதியாக இருந்தால், பௌதிகம் வழியாகச் சுற்றிப்போகாமல், நிலாவெளி வீதியில் கோணேசபுரியிலிருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானத்தையே படிக்கலாம். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதும் செலவுக் கணக்கில் சேரவேண்டிய விடயம்.

இரண்டாவது விரைவான வழி, பட்டதாரிகள் பலர் தாழ்வாக எண்ணி விட்டுவிடுவது. உலோகத்தையும் வெல்டிங் மூட்டையும் உடைக்காமல் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை என்.டி.ரீ. என்பார்கள். மீயொலி, எக்ஸ் கதிர், காந்தத் துகள், சுழிப்பு மின்னோட்டம் என்று அதன் முறைகள் அனைத்தும் நமது பௌதிகப் பாடப்புத்தகத்துக்குள் இருப்பவைதான். இலங்கை அணுசக்திச் சபை களனியில் இதற்கென்றே தேசிய நிலையமொன்றை நடத்துகிறது. முதலாம், இரண்டாம், மூன்றாம் நிலை என்று சான்றிதழ்கள் ஏறிச்செல்லும். இரண்டாம் நிலைச் சான்றிதழும் வேலை அனுபவமும் உள்ளவருக்கு வளைகுடா நாடுகளின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் கப்பல் திருத்துமிடங்களிலும் வேலை உண்டு. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளையும், சீமெந்து ஆலையையும், துறைமுகத்தையும் அன்றாடம் பார்த்து வளரும் பிள்ளைக்கு, இந்தத் தொழில் என்ன செய்கிறது என்பதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. பௌதிகப் பட்டம் உள்ளவர் மூன்றாம் நிலை வரை ஏறமுடிந்தால், சோதிப்பவராக இருந்தவர் சோதனையை வகுத்துக்கொடுப்பவராகிறார். சம்பளம் உண்மையில் உயர்வது அந்தப் படியில்தான்.

எண்ணெய்க் கிணறுகளில் அளவை செய்யும் பொறியியலாளர் வேலையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. கொன்ராட் ஷ்லம்பேஜர் என்ற பிரெஞ்சுப் பௌதிகவியலாளரும் அவரது சகோதரரும் தொடங்கிய நிறுவனம் 1927இல் முதல் மின்தடை அளவையை ஒரு கிணற்றுக்குள் எடுத்தது. இன்றும் சீசியம்-137 மூலத்திலிருந்து வரும் காமாக் கதிரால் பாறையின் அடர்த்தியும், நியூத்திரன்களால் அதன் நுண்துளைமையும் அளக்கப்படுகின்றன. இளம் பட்டதாரிக்கு இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பணம் தரும் பௌதிகத் தொழில் வேறு குறைவு. ஆனால் எண்ணெய் விலையோடு சேர்ந்து அந்த வேலையும் விழும். 2020 ஏப்பிரல் 20ஆம் திகதி அமெரிக்க மசகெண்ணெயின் முன்கொள்வனவு விலை பூச்சியத்துக்குக் கீழே போய் மறை 37.63 டொலரில் நின்றது. அந்த ஆண்டில் இத்துறையில் வேலை இழந்தவர்கள் ஏராளம். ஐந்து ஆண்டுகள் உழைத்துச் சேர்த்துக்கொண்டு வெளியேறும் திட்டத்தோடு போகிறவருக்கு நல்லது. வீட்டுக் கடனை இருபது ஆண்டுகளுக்கு அதன் மேல் கட்டுவது ஆபத்து.

ஆசிரியத் தொழிலைப் பற்றி அந்தத் தந்தை கேட்டதற்கும் நேரான பதில் உண்டு. ஆசிரியர் சேவையின் சம்பளத்தை மட்டும் வைத்துப் பெரிய சம்பளம் என்று சொல்லமுடியாது. ஆனால் உயர்தரப் பௌதிகவியலை நன்றாகக் கற்பிப்பவருக்குத் தனியார் வகுப்பின் வருமானம் உண்டு: ஒரு பேச்சுக்கு, அறுபது மாணவர்கள் மாதம் 2,500 ரூபா வீதம் கொடுத்தால் 1,50,000 ரூபா. ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று ஊர்களில் வகுப்பு வைத்திருப்பவருக்கு அது பல மடங்காகும். இந்த வருமானம் ஊரிலேயே கிடைக்கிறது, பெற்றோரைப் பார்த்துக்கொண்டே கிடைக்கிறது என்பது சிறிய நன்மையல்ல. மறுபக்கத்தில், இணையவழி வகுப்புகள் வந்தபின் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பெயர்பெற்ற ஆசிரியர் ஒருவர் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள மாணவரையும் சேர்த்துக்கொள்கிறார். ஊர் ஆசிரியரின் கூட்டம் மெலிகிறது. வறிய பிள்ளையிடம் காசு கேட்கமுடியாத மனமுள்ளவருக்கு அந்தக் கணக்கு இன்னும் குறையும், அதுவே சரியும்கூட. விஞ்ஞான சேவைக்குள் வரும் வளிமண்டலவியல் திணைக்களம் போன்ற அரச பதவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: நிலையானவை, ஓய்வூதியம் உள்ளவை, பெரிய சம்பளம் தராதவை.

நம் மாவட்டத்திலேயே பௌதிகத்துக்கு வேலை இல்லையா என்று கேட்பவர்களுக்குப் புல்மோட்டையைச் சொல்வது வழக்கம். அந்தக் கரை மணலிலிருந்து இல்மனைற்றைக் காந்தத்தாலும், மின்னைக் கடத்தும் ரூற்றைலைக் கடத்தாத சேர்க்கனிலிருந்து நிலைமின் புலத்தாலும் பிரிக்கிறார்கள். அதே மணலில் தோரியம் கொண்ட மொனசைற்றும் இருக்கிறது. பௌதிக ஆய்வுகூடமொன்று கடற்கரையாக விரிந்துகிடப்பதைப் போன்ற இடம் அது. ஆனால் பிரித்த கனியங்கள் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறிவிடுவதால், அவற்றை மேலும் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் பிறக்கவேண்டிய உயர் சம்பள வேலைகளும் அவற்றோடு போய்விடுகின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. 2025 ஏப்பிரலில் பணிகள் தொடக்கிவைக்கப்பட்ட சம்பூர் சூரிய மின் நிலையத்தின் திட்டமிட்ட கொள்ளளவு 120 மெகாவாற்று. ஆனால் சூரிய மின் நிலையமொன்று, கட்டி முடிந்தபின் இயங்குவதற்குச் சிலரையே வேண்டும். பிள்ளையின் தொழிலை இந்த இரண்டில் ஒன்றை நம்பித் திட்டமிடச் சொல்லமாட்டேன்.

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையிடம் பிறகு ஒரு மாலையில் அவரது கடையிலேயே இருந்து சொன்னேன். அவருக்குக் கடன் பெரிதாக இல்லை. மகன் இப்போதுதான் சாதாரண தரத்துக்குப் படிக்கிறான். கடை இன்னும் பத்து ஆண்டுகள் ஓடும் என்கிறார். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் முதலாவதாகச் சொல்வது மருத்துவப் பௌதிகவியல். அதுவும் பேராதனை முதுமாணியையும் வெளிநாட்டுக் கலாநிதி விண்ணப்பத்தையும் ஒன்றையொன்று தடுக்காத வகையில் வைத்துக்கொள்வது. கலாநிதி இடம் கிடைத்தால் அமெரிக்கா. கிடைக்காவிட்டால் கண்டியில் இருந்தபடியே முதுமாணியை முடித்து, நாட்டில் சில ஆண்டுகள் பொறியோடு பழகி, வளைகுடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ விண்ணப்பிக்கலாம். தோற்றாலும் கையில் ஒரு தொழில் மிஞ்சும் வழி, நான் இங்கே ஒப்பிட்டவற்றுள் அதுவொன்றுதான். கடன் நெருக்கும் வீடாக இருந்திருந்தால் மென்பொருளை முன்னே வைத்திருப்பேன். கணினிக்கு முன் உட்கார விருப்பமில்லாத, கைவேலையில் கெட்டித்தனமுள்ள பிள்ளையாக இருந்திருந்தால் என்.டி.ரீ.யை.

எந்த வழியானாலும் முதலில் வரும் முடிவு ஒன்று இருக்கிறது. அதை எடுக்கும் வேளையில் பிள்ளைக்கு அதன் கனம் தெரிவதில்லை. விஞ்ஞான பீடத்தில் மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தோடு வெளியேறலாம், அல்லது தேர்ச்சிப் புள்ளியின்படி தெரிவாகி நான்காண்டுச் சிறப்புப் பட்டம் செய்யலாம். ஒரு வருடம் முந்தி உழைக்கலாம் என்று மூன்றாண்டுப் பட்டத்தோடு வந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அமெரிக்கக் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைத்தபோதுதான் அந்த ஒரு வருடம் என்ன விலையென்று அவர்களுக்குத் தெரிந்தது. சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு முதலிரண்டு ஆண்டுகளின் புள்ளிகளைக் கொண்டே நடக்கிறது. ஊரிலிருந்து புதிதாகப் போய், விடுதிக்கும் ஆங்கில விரிவுரைக்கும் பழகுவதற்குள் முதலாம் அரையாண்டு கைநழுவிவிடுவதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு நேரும் பெரிய இழப்பு.

ஆகையால், பெட்டி கட்டும் மகளிடம் கொடுக்கும்படி நான் அவரிடம் ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதிக்கொடுத்தேன். முதலாம் ஆண்டில் கணிதப் பாடங்களில் ஒன்றையும் விடவேண்டாம். இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் பைதன் நிரலாக்கம் கற்றுக்கொள்ளவேண்டும். மூன்றாவது, பட்டப்பின் படிப்பு நிறுவகத்துக்கு ஒருமுறை நேரில் போய், மருத்துவப் பௌதிகவியல் முதுமாணிக்குப் பட்டத்தில் எந்தப் பாட அலகுகள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். அவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "அந்த விண்ணப்பக் காசு மூண்டு லட்சம் எப்ப வேணும், சேர்?" என்று கேட்டார். நான்காம் ஆண்டின் மார்கழி மாதத்தில் என்றேன். கடைக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த மாதத்தையும் தொகையையும் குறித்துவைத்தார்.